பள்ளிவாசல் கார்பெட்டைக் குறைந்த ஈரத்தில் சுத்தம் செய்தல்: தொடங்குவோர் அறிய வேண்டியவை

பள்ளிவாசல் கார்பெட் பற்றி நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு தரப்பிலிருந்து வருகின்றன. நிர்வாகிகள், "ஷாம்பு போட்டுக் கழுவினோம், இரண்டு நாளாகியும் காயவில்லை, வாடை அடிக்கிறது, வேறு வழி உண்டா?" என்கிறார்கள். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய இளைஞர்கள், "அங்கே ஓட்டல்களிலும் ஆபீஸ்களிலும் தண்ணீரே ஊற்றாமல் மெஷின் ஓட்டிக் கார்பெட்டைச் சுத்தம் செய்வார்கள், அதை இங்கே தொழிலாகச் செய்யலாமா?" என்கிறார்கள். இரு தரப்பும் கேட்பது ஒரே முறையைப் பற்றித்தான். அதற்கு என்கேப்சுலேஷன் என்று பெயர். மருந்தைக் கேப்ஸ்யூலுக்குள் பொதிவதுபோல அழுக்கைப் பொதிந்து எடுப்பதால் அந்தப் பெயர். நாம் இங்கே பொதிமுறை என்று சொல்வோம்.

முறை நல்லதுதான். நம் கடற்கரைக்கு மிகவும் பொருந்துவதும்கூட. ஆனால் ஓட்டலில் செய்வதை அப்படியே பள்ளிக்குள் செய்துவிட முடியாது. ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

நம் கரையில் கார்பெட் படும் பாடு

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி, காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் வரையுள்ள நம் பள்ளிகளில் ஒரு காலத்தில் கோரைப்பாய்தான் விரிப்பு. பத்தமடையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் சமுதாயக் குடும்பங்கள் பாய் நெய்தன. பாயை உதறி வெயிலில் போட்டால் வேலை முடிந்தது. கார்பெட் அப்படியல்ல. மேலே நூல் குச்சம், அதன் அடியில் நெய்த அல்லது ரப்பர் பூசிய அடித்துணி, சில பள்ளிகளில் அதற்கும் கீழே ஒரு மெத்தை. மேலே ஊற்றிய தண்ணீர் இந்த மூன்றிலும் இறங்கித் தங்கிவிடும்.

அதோடு உப்புக்காற்று. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே உறிஞ்சத் தொடங்கிவிடும். காற்றிலும், கடற்கரை மணலிலும், காலிலும் வந்து சேர்ந்த உப்பு கார்பெட்டுக்குள் இருந்தால், காய்ந்த கார்பெட்கூட மாலையில் பிசுபிசுக்கும். உப்பளத்துக்குப் பக்கத்தில் வாழும் தூத்துக்குடிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு உப்பு ஜாடி சொல்லும்.

இன்னொரு பக்கம், ஓட்டலில் இல்லாத அழுக்குகள் நம் பள்ளியில் உண்டு. உளூச் செய்த ஈரக்காலோடு வருகிறோம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஸஜ்தா செய்கிறோம். ஒவ்வொரு ஸஃப்பிலும் நெற்றி படும் இடம் வரிசையாகக் கறுத்திருப்பது அந்த எண்ணெயும் வியர்வையும்தான். ரமலானில் நோன்புக் கஞ்சி சிந்தும். அத்தர் சிந்தும். செருப்போடு யாரும் வராததால் தார், கிரீஸ் மட்டும் அதிகம் இருக்காது.

முறை எப்படி வேலை செய்கிறது

சாதாரண ஷாம்பு அழுக்கைத் தளர்த்தும், ஆனால் முழுவதும் அலசி எடுக்கப்படாவிட்டால் பசையாகக் காய்ந்து கார்பெட்டிலேயே தங்கும். அந்தப் பசை புதிய தூசியைப் பிடித்துக்கொள்ளும். "கழுவின ஒரு மாதத்தில் முன்னைவிடக் கறுத்துவிட்டது" என்று பல பள்ளிகளில் சொல்வதற்கு இதுவே காரணம்.

பொதிமுறைத் திரவத்தில் அழுக்கைத் தளர்த்தும் டிடர்ஜெண்டோடு பாலிமர் ஒன்றும் சேர்ந்திருக்கும். திரவத்தைத் தெளித்து, பிரஷ் அல்லது பேட் சுழலும் மெஷினால் நூலுக்குள் கலக்கிவிடுவார்கள். நூலிலிருந்து கழன்ற அழுக்கைப் பாலிமர் சூழ்ந்துகொள்ளும். காய்ந்ததும் அது ஒட்டாத, நொறுங்கும் பொடியாக மாறும். அந்தப் பொடியை வேக்குவம் கிளீனர் உறிஞ்சிவிடும். உள்ளே புகுந்த அந்நியப் பொருளைச் சிப்பி தன் சுரப்பால் மூடி முத்தாக்குவதை இந்தக் கரையில் எல்லோரும் அறிவோம். ஏறக்குறைய அதே வேலைதான், இங்கே மூடிய பொருள் குப்பைக்குப் போகிறது.

அலசுவது என்ற கட்டமே இல்லாததால் தண்ணீர் மிகக் குறைவு. நல்ல காற்றோட்டத்தில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் நடக்கும் அளவு காய்ந்துவிடும். வெந்நீரைப் பாய்ச்சி உறிஞ்சும் முறையில் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகலாம். ஐந்து வேளையும் ஜமாஅத் நடக்கும் இடத்துக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

அழுக்கு வேறு, நஜீஸ் வேறு

கார்பெட் சுத்தம் செய்யும் கம்பெனிக்கு எல்லாம் கறைதான். நமக்கு அப்படியில்லை. எண்ணெய்க் கறுப்பு, தூசி, கஞ்சிக் கறை, சேறு ஆகியவை அழுக்கு. அவற்றோடு தொழுதால் தொழுகை கூடும். சிறுநீர், இரத்தம், வாந்தி போன்றவை நஜீஸ். கண்ணுக்கே தெரியாமல் காய்ந்து போயிருந்தாலும் அந்த இடத்தில் நின்றோ ஸஜ்தா செய்தோ தொழுதால் தொழுகை கூடாது.

நம் கரையூர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை நீக்குவது தண்ணீர் மட்டுமே. அதுவும் வேறெதுவும் கலந்து தன்மை மாறாத, வெறும் தண்ணீர். டிடர்ஜெண்டும் பாலிமரும் கலந்த திரவம் அந்தத் தண்ணீர் அல்ல. அதைத் தெளித்து, காய வைத்து, பொடியை உறிஞ்சினால் கறை போகலாம், வாடையும் போகலாம். ஆனால் இடம் சுத்தமானதாக ஆகாது. மார்க்கச் சட்டப்படி அது முன்பிருந்த நிலையில்தான் இருக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. ஒரு குழந்தை சிறுநீர் கழித்த இடம் மூன்றாவது ஸஃப்பில் இருக்கிறது, யாரும் கழுவவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஈரமான பேட் அதன்மேல் சுழன்று, அப்படியே நான்காவது, ஐந்தாவது ஸஃப்புக்குப் போகிறது. ஒரு சாண் இடத்தில் இருந்த நஜீஸ் இப்போது எங்கெல்லாம் பரவியது என்று யாராலும் சொல்ல முடியாது. பணம் கொடுத்து, பளிச்சென்று ஆக்கி, தொழும் இடத்தைச் சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டோம். ஆகவே மெஷின் பள்ளிக்குள் நுழையும் முன்பே நஜீஸ் பட்ட இடங்கள் அடையாளம் காணப்பட்டு, கழுவப்பட்டிருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. இடங்களை அறிந்தவர் மோதினார்தான். வேலைக்கு வருபவர் முதலில் பேச வேண்டியது தலைவரோடு அல்ல, அவரோடு.

கழுவும் விதம் சிரமமானதல்ல. கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியில் சிறுநீர் கழித்தபோது, அவரைக் கண்டிக்கப் பாய்ந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்ன சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அங்கே தரை மண், ஊற்றியதைக் குடித்துவிட்டது. கார்பெட்டில் முதலில் உலர்ந்த துணியை அழுத்தி ஈரத்தையும் பொருளையும் எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும். பிறகு அந்த இடத்தையும் அதைச் சுற்றிச் சற்று அதிகமாகவும் மூழ்கும்படி வெறும் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஈரத்துணியால் துடைப்பது போதாது, தண்ணீர் மேலிருந்து ஊற்றப்பட வேண்டும். நிறமோ வாடையோ மீதமிருந்தால் சோப்பு போட்டுத் தேய்த்து, கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர் ஊற்றலாம். இரத்தத்தின் நிறம் மட்டும் எவ்வளவு முயன்றும் போகவில்லை என்றால் அதற்கு மன்னிப்பு உண்டு. ஊற்றிய தண்ணீரை ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தால் இழுத்துவிட வேண்டும். இது மார்க்கத்துக்காக அல்ல, அடித்துணி அழுகாமல் இருக்க. கார்பெட் தரையோடு ஒட்டப்படாமல் இருந்தால் அந்தப் பகுதியைச் சுருட்டி வெளியே எடுத்துப் போய்க் கழுவுவது எல்லாவற்றிலும் மேல்.

இரண்டு வயது நிரம்பாத, பால் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீருக்கு, பொருளை நீக்கியபின் அந்த இடம் முழுதும் படும்படி தண்ணீர் தெளித்தால் போதும். பெண் குழந்தைக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஜமாஅத்துகளில் பிழிய முடியாத விரிப்புகளைச் சுத்தப்படுத்துவதற்கு வேறு விவரங்கள் உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

அதே சமயம் வீண் சந்தேகமும் வேண்டாம். ஒரு இடம் ஈரமாக இருக்கிறது, உளூத் தண்ணீரா சிறுநீரா தெரியவில்லை என்றால் அது சுத்தமானது என்றே கொள்ள வேண்டும். உறுதியாக இருந்ததைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. "எதற்கும் இருக்கட்டும்" என்று முழுக் கார்பெட்டையும் ஹோஸ் போட்டு நனைப்பதில்தான் நம் பள்ளிக் கார்பெட்டுகள் பாதி கெடுகின்றன.

என்னென்ன வேண்டும்

முதலில் நல்ல வேக்குவம் கிளீனர். உறிஞ்சுவதோடு, சுழலும் பிரஷ்ஷால் நூலைத் தட்டிவிடும் வகை. இந்தத் தொழிலில் பாதி வேலை இதுதான். கார்பெட்டில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மணலும் தூசியும். அதை எடுக்காமல் திரவம் தெளித்தால் சேறுதான் கிடைக்கும். பணம் குறைவாக இருந்தால் மெஷினை வாடகைக்கு எடுங்கள், வேக்குவத்தைச் சொந்தமாக வாங்குங்கள்.

அடுத்து கலக்கும் மெஷின். எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளைப் பிரஷ் கொண்ட மெஷின் பொதிமுறைக்கு மிகவும் ஏற்றது. இல்லையென்றால் ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் தரை தேய்க்கும் 17 அங்குல சிங்கிள் டிஸ்க் மெஷினே போதும். நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 175 சுற்று ஓடும் வகையாக இருக்க வேண்டும். கிரானைட் பாலிஷ் போடும் அதிவேக மெஷினைக் கார்பெட்டில் வைத்தால் சூட்டில் நூல் உருகிவிடும். மைக்ரோஃபைபர் பேட் ஒரு டஜனாவது கையிருப்பு வேண்டும். கறுத்த பேட்டோடு தொடர்ந்தால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். தெளிக்க, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஸ்பிரேயர் போதும், ஆனால் புதியதாக வாங்குங்கள். பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது. மெஷின் ஓடும் இடத்தில் எர்த் உள்ள மூன்று பின் இணைப்பும், மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சும் அவசியம். கீழே ஈரம் இருக்கிறது.

திரவத்தை வாங்கும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். பாட்டிலில் சொன்ன அளவு கலந்து, கண்ணாடித் தட்டில் ஒரு ஸ்பூன் ஊற்றி, நிழலில் ஓரிரு நாள் காயவிடுங்கள். காய்ந்ததைக் கத்தி முனையால் சுரண்டினால் நொறுங்கிப் பொடியாக வர வேண்டும். பிசினாக இழுத்தால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் அது சாதாரண ஷாம்புதான். நம் ஊரில் இதைப் புழுக்கமான நாளில் ஒருமுறையும் செய்து பார்க்க வேண்டும். சென்னைக் கடையில் ஏசி அறையில் நொறுங்கியது இங்கே பிசுபிசுக்கலாம்.

கலக்கும் தண்ணீரும் முக்கியம். கடற்கரை ஊர்களின் கிணற்று நீரும் போர் நீரும் பல இடங்களில் உவர்ப்பு. உவர்நீரில் டிடர்ஜெண்ட் சரியாக வேலை செய்யாது, காய்ந்தபின் உப்பையும் விட்டுச் செல்லும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரையே பயன்படுத்துங்கள். இந்த முறையில் செலவாகும் தண்ணீர் சில குடங்கள்தான்.

நூல் எதனால் ஆனது?

பள்ளிக் கார்பெட்டுகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அக்ரிலிக், நைலான், கம்பளி ஆகியவற்றில் ஒன்று. ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, வெளியே எடுத்துப்போய்க் கொளுத்திப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டு, மெழுகு வாடை வந்தால் பாலிபுரொப்பிலீன். அதன் நூல் தண்ணீரில் மிதக்கும், மற்றவை மூழ்கும். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஸஜ்தா இடத்துக் கறுப்பு அதில் பிடிவாதமாக இருப்பதற்கு அதுவே காரணம். அங்கே மட்டும் திரவத்தை முன்கூட்டியே தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு மெஷின் ஓட்ட வேண்டும்.

கம்பளிக்குக் காரத்தன்மை ஆகாது. கம்பளிக்கு ஏற்றது என்று எழுதப்பட்ட திரவமே வேண்டும், மெஷினையும் மென்மையாக ஓட்ட வேண்டும். துணி துவைக்கும் பவுடர் காரமானது. பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும். பினாயிலைக் கார்பெட்டில் தெளிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எந்த நூலாக இருந்தாலும் மூலையில் ஓரிடத்தில் திரவத்தைத் தெளித்து, வெள்ளைத் துணியைச் சில நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அந்தக் கார்பெட்டில் கை வைக்காதீர்கள். அது வக்ஃபு சொத்து, சாயம் போனால் திருப்பித் தர முடியாது.

வேலை செய்யும் நாள்

பலரும் இஷாவுக்குப் பிறகு தொடங்குகிறார்கள், நீண்ட இடைவெளி கிடைக்கும் என்று. நம் கரையில் அது சரியான நேரமல்ல. இரவு ஏற ஏற ஈரப்பதம் கூடும், ஃபஜ்ருக்கு முன்தான் மிக அதிகம். இஷ்ராக் தொழுகைக்குப் பின் தொடங்கினால் வெயில் ஏறும் நேரம் கையில் இருக்கும், லுஹருக்குள் காய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை வேண்டாம்.

கார்பெட்டை நீளவாக்கிலும் குறுக்கிலும் மெதுவாக வேக்குவம் செய்யுங்கள். பிறகு மோதினார் காட்டிய இடங்கள் கழுவிக் காய்ந்துவிட்டனவா என்று பாருங்கள். பத்தடிக்குப் பத்தடியாகப் பிரித்துக்கொண்டு, மிஹ்ராபிலிருந்து வாசலை நோக்கிப் பின்னோக்கி வாருங்கள். நூலின் மேற்பாதி நனையும் அளவு தெளித்தால் போதும், காலை வைத்தால் சொதசொதவென்று இருக்கக் கூடாது. லேபிளில் சொன்ன நேரம் விட்டு, காயும் முன் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எல்லா மின்விசிறிகளையும் போட்டுவிடுங்கள், கடற்காற்று ஈரமாக வீசினால் அந்தப் பக்க ஜன்னலை மூடுங்கள்.

காய்ந்தபின் வேக்குவம் செய்தால்தான் வேலை முடிகிறது. பொதிந்த பொடி முழுவதும் ஒரே முறையில் வராது. மறுநாளும் அதற்கடுத்த சில நாள்களும் வேக்குவம் போட வேண்டும். இதைச் செய்யாமல், "மெஷின் ஓட்டியும் சுத்தமாகவில்லை" என்பவர்கள் உண்டு. வேலைக்கு வந்தவர் இதை மோதினாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முடிந்தால் மூன்றாம் நாள் தாமே ஒருமுறை வந்து போட வேண்டும்.

எதற்கு ஆகாது

இந்த முறை மேலுள்ள அழுக்கையே எடுக்கும். அடியில் தேங்கியதை அலசாது. எனவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பொதிமுறை, ஆண்டுக்கு ஒருமுறை ஆழமான கழுவல் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆழமாகக் கழுவ நம் பகுதிக்கு ஏற்ற காலம் ஆனி, ஆடி. அந்த மேல்காற்றில் எதுவும் காயும். ரமலானுக்கு முன் ஷஅபானில் கழுவும் வழக்கம் உள்ள பள்ளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2030-ஆம் ஆண்டின் இறுதியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் ரமலானுக்கு முந்தைய வாரங்கள் வடகிழக்குப் பருவமழையில் விழும். அப்போது நனைத்துக் கழுவினால் காய வைக்க வழியில்லை. ஆழமான கழுவலை ஆடியில் முடித்து, ஷஅபானில் பொதிமுறை செய்யும் பழக்கத்துக்கு இப்போதே மாறிக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் நனைந்த கார்பெட்டுக்கும் இது ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. நனைந்த கார்பெட்டில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை தொடங்கிவிடும். சாக்கடை கலந்த வெள்ளம் புகுந்த கார்பெட்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அகற்றிவிடுவதே சரி. அதை வேக்குவமும் பேட்டும் போட்டுக் காப்பாற்றித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதியவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதில் முகம் பதித்துத் தொழ வேண்டியிருக்கிறது.

தொழிலாகத் தொடங்கும் தம்பிகளுக்கு

முதல் வேலையைப் பள்ளியில் தொடங்காதீர்கள். தூத்துக்குடியில் துறைமுகத் தொழிலைச் சார்ந்த ஆபீஸ்களிலும் ஓட்டல்களிலும் பதித்துள்ள கார்பெட் டைல்களில்தான் இந்த முறை உலகெங்கும் அதிகம் பயன்படுகிறது. அங்கே கை பழகட்டும். ஆபீஸில் ஓடிய பேட்டையும் பிரஷ்ஷையும் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள், பள்ளிக்கென்று தனி செட் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே செருப்போடு நடக்கிறார்கள், எதன்மேல் நடந்தார்கள் என்று தெரியாது.

பள்ளி நிர்வாகத்தோடு பேசும்போது சதுர அடிக் கணக்கில் விலை சொல்லுங்கள். எது உங்கள் வேலை, எது இல்லை என்பதை எழுதிக் கொடுங்கள்: நஜீஸ் பட்ட இடங்களைக் கழுவுவது யார் பொறுப்பு, சாயச் சோதனை செய்யப்பட்டதா, மறுநாள் வேக்குவம் யார் போடுவது, போகாத கறைகள் எவை. தொடங்கும் முன் கார்பெட்டை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து முத்தவல்லியிடம் காட்டிவிடுங்கள். பள்ளியில் ஒரு நோட்டு வைத்து, சுத்தம் செய்த தேதி, பயன்படுத்திய திரவத்தின் பெயர், கலந்த அளவு, காய எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் முந்தைய திரவம் எது என்று தெரிந்து தொடங்கலாம். பல வருட ஷாம்புப் பசை ஏறிய கார்பெட்டாக இருந்தால் முதல் முறை மெஷின் ஓட்டும்போது நுரை பொங்கும். அப்படி வந்தால் அன்று நிறுத்திவிட்டு, ஒருமுறை வெந்நீரால் அலசி உறிஞ்சியபின்தான் பொதிமுறைக்கு வர வேண்டும்.